மேல்மந்தைக்கு இந்த வண்டி போகுமா?

மார்ச் 3, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. மதியம் ஒரு எருமைக்கு வயிற்று உப்புசம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் சத்தம். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், வெள்ளை வெளேரென்று நிற்கிறது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. கொண்டுவந்து விட்டவர் சாவியை என் கையில் வைத்தார். "மலையே ஏறும் மேடம்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். எந்த மலை என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் இணை இயக்குநர் போன் செய்தார். "டாக்டர், நீங்க கேட்டது வந்திடுச்சு. ஏப்ரல் முடியறதுக்குள்ள மேல்மந்தைக்கு ஓட்டிப் பாத்துட்டு, போகுமா போகாதான்னு எழுதி அனுப்புங்க. போகலைன்னா வண்டியை வேற பக்கம் அனுப்பணும். உங்களையும்..." என்று நிறுத்தி, இருமினார்.

அந்த இருமலுக்குப் பொருள் எனக்குத் தெரியும். டவுன் லேப். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடித் தகட்டில் ரத்தம் பார்க்கும் வேலை. கெட்ட வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே மாடு கிடையாது.

மேல்மந்தைக்கு வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து நடந்தேதான் போய் வந்தேன். மாடு வளர்க்கிற குடும்பங்கள் மொத்தமும் அங்கே இருக்கின்றன. மழைக்கு முன்னால் கோமாரித் தடுப்பூசி போட்டாக வேண்டும். போன வருஷம் இறங்கி வருகையில் வலது முட்டி பாதி வழியில் கைவிட்டது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "நீங்களும் டாக்டர்தானே, நான் என்ன சொல்ல?" என்றார். நடுவில் மெத்தை மாதிரி இருக்க வேண்டியது தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுகின்றன. இனி மலை ஏறுவது கிடையாது.

ஆக, வண்டி ஏறினால் நான் ஏறுவேன். அவ்வளவுதான் கணக்கு.

மார்ச் 4

வண்டிப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்தான். கடைசியில் சட்டையோடு மண்ணில் படுத்து அடியில் நுழைந்துவிட்டான். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"அக்கா, இது கம்பெனில செஞ்ச மாதிரியே இருக்கு."

"கம்பெனில செஞ்சதுதானேடா."

"அதான் பிரச்சனையே."

வெளியே வந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். நாலு இஞ்ச் உயரம் தூக்க வேண்டும். டயரைத் தூக்கிப் போட்டுவிட்டு முரட்டு டயர் மாட்ட வேண்டும். முன்னால் இரும்பு பம்பர். அதில் வண்டியைத் தானே இழுத்துக்கொள்ளும் வின்ச். தண்ணீரில் எஞ்சின் மூச்சுவிடக் கூரை வரைக்கும் ஒரு குழாய். நான் குறுக்கிட்டு, இது அலுவலக வண்டி, எதையும் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது என்று விதி என்றேன். சாகக் கிடக்கிறவருக்குத் தண்ணீர் தரமாட்டேன் என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தான்.

"அப்ப இது ஏறாதுக்கா. கடைக்குப் போய் காய்கறி வாங்கலாம். நல்லா இருக்கும்."

மார்ச் 8, ஞாயிறு

முதல் ஓட்டம். நான் ஓட்ட, தம்பி பக்கத்தில்.

பாதையில் மூன்று இடங்கள்தான் சிக்கல். நடந்தே பழகியதால் கண்ணை மூடினாலும் தெரியும். முதலில் கல்லுப்படி: பாதைக்குக் குறுக்கே பாறை படிபோல எழும்பி நிற்கும். அடுத்தது ஓடை. ஓடையைத் தாண்டினால் ஒரு புல்வெளி. அங்கிருந்து மேலே வழுக்குப் பாறை. அதன் உச்சியில் மேல்மந்தை.

நாங்கள் கல்லுப்படியையே தாண்டவில்லை. முன்சக்கரம் இரண்டும் ஏறின. "பரவால்லையே" என்று வாயைத் திறந்தேன். அடுத்த நொடி 'டங்'கென்று ஒரு சத்தம். பாத்திரக் கடையில் அண்டா விழுந்ததுபோல. வண்டியின் வயிறு படியில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் எடுத்தபோது பக்கவாட்டில் கால் வைத்து ஏறும் தகடு வளைந்து தொங்கிற்று.

தம்பி இறங்கி அதை ஒரு கயிற்றால் கட்டினான்.

மார்ச் 9

தூக்கம் சரியில்லை. ஏன் கிடந்து அல்லாடணும்? லேபுக்குப் போனா என்ன குறைஞ்சிடும்? ஃபேன் இருக்கும். டைமுக்கு சாப்பாடு. மாடு உதைக்காது.

ஒருத்தர்கூட "டாக்டரம்மா"ன்னு கூப்பிட மாட்டாங்க. சரி, அதனால என்ன?

ரொம்ப என்னவோதான்.

மார்ச் 15, ஞாயிறு

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டிலும் அந்த வேலையை விட்டதில்லை. தோசைக்கல்லுக்கு விட்டம் பார்க்கிற மனுஷன். திங்கட்கிழமையிலிருந்து என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு? தரையிலிருந்து வயிறு எவ்வளவு உயரம்? கல்லுப்படி என்ன உயரம், என்ன சாய்வு? நூல் பிடித்து அளந்து வந்து சொன்னேன். இல்லாவிட்டால் விடமாட்டார்.

இன்று சாப்பாட்டு மேசையில் அட்டையில் வெட்டிய ஒரு வண்டி. சக்கரத்துக்கு மருந்து பாட்டில் மூடி. கல்லுப்படிக்கு என் பழைய பாடப் புத்தகங்கள் இரண்டு. உடற்கூறியல் மேலே, ஒட்டுண்ணியியல் கீழே. தம்பியையும் வரச்சொல்லியிருந்தார்.

"மாப்ள, இங்க பாருங்க. மூக்கு முட்டுதா? முட்டலை, ஆனா கீழ இருக்கிற இந்த பிளாஸ்டிக் உதடு மட்டும் உரசுது. வால் முட்டுதா? முட்டலை. வயிறு?" அட்டை வண்டியை நகர்த்தினார். உடற்கூறியலின் விளிம்பில் அது நின்றுவிட்டது. "வயிறு முட்டலை. முட்டறது இந்தப் படித்தகடு." கத்தரிக்கோலை எடுத்துக் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு வெட்டினார். உதட்டையும் வெட்டினார். வண்டி புத்தகத்தைத் தாண்டி மறுபக்கம் போய் உப்புக் கிண்ணத்தில் மோதி நின்றது.

தம்பி, "மாமா, விதி இருக்கே. வண்டில கை வைக்கக் கூடாதாம்" என்றான்.

"எதையும் சேர்க்கக் கூடாதுன்னுதானே விதி? கழட்டக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

தம்பி அந்த அட்டை வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து வண்டியில் எதையாவது மாட்டியே பழக்கப்பட்டவன். கழட்டுவது என்பது அவன் தலையில் இதுவரை ஏறவே இல்லை போல.

"மாமா, நீங்க வக்கீலுக்குப் போயிருக்கணும்."

"கணக்கு போதும் எனக்கு" என்றார் இவர். முகம் முழுக்கப் பெருமை. நான் பார்க்காததுபோல் உப்பைக் கூட்டி அள்ளினேன்.

மார்ச் 16

இணை இயக்குநரிடம் கேட்டேன். போல்ட்டில் மாட்டிய பொருளைக் கழட்டி ஸ்டோரில் வைத்துக்கொள்ளலாம் என்றார். "எதுக்கு டாக்டர்?" என்று கேட்டார். துடைக்க வசதியாக இருக்கும் என்றேன். பொய் இல்லை. வசதிதான்.

மார்ச் 22, ஞாயிறு

நல்லது, கெட்டது இரண்டும் நடந்த நாள்.

படித்தகட்டையும் உதட்டையும் கழட்டியாயிற்று. பாதை தொடங்கும் இடத்தில் தம்பி நாலு டயரிலும் காற்றைப் பாதிக்குப் பக்கம் இறக்கினான். டயர் தொப்பை போட்டுப் பரந்தது. "இப்பதான் கல்லைக் கட்டிப் பிடிக்கும்" என்றான். இறங்கி வந்ததும் திரும்ப அடிக்க மின்பம்பு வைத்திருந்தான்.

கல்லுப்படி. முன்சக்கரம் ஏறியது. வயிறு தாண்டியது! 'டங்' இல்லை. கத்தப் போனேன். அப்போது வண்டி கோணலாக நின்றது: முன்னால் இடது சக்கரம் அந்தரத்தில், பின்னால் வலது சக்கரம் அந்தரத்தில். ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றில் இருக்கிற சக்கரம் மட்டும் 'ர்ர்ர்' என்று சுற்றுகிறது. ரப்பர் கருகும் வாடை. பயத்தில் காலை எடுத்தேன். எஞ்சின் நின்று, வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்கியது.

வெளியே நின்று வழி காட்டிக்கொண்டிருந்த தம்பி ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தான். அவன் முகமும் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"அக்கா, மிதிக்காத. லேசா ஆக்சிலேட்டரை வச்சுக்கிட்டே, இடது காலால பிரேக்கைத் தொடு. தொட்டா போதும். வெட்டியா சுத்தற சக்கரத்தை அது பிடிக்கும். அப்ப பலம் தரையில இருக்கறதுக்குப் போகும்."

"நிஜமாவா?"

"கம்பெனி வண்டில நமக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

எஞ்சினைத் திரும்பக் கிளப்பி, தொட்டேன். வண்டி ஒரு முனகல் முனகியது. பிறகு, படுத்திருந்த மாடு எழுவதுபோல, முதலில் பின்பக்கம் தூக்கி, ஒரு ஆட்டம் ஆடி, ஏறிவிட்டது. மேலே போய் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பி, இல்லாத ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடையில் கணுக்கால் தண்ணீர். சும்மா தாண்டினோம்.

வழுக்குப் பாறைதான் புத்தி சொன்னது. ஒரே பலகையாகச் சாய்ந்து கிடக்கும் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாதி ஏறியதும் பின்பக்கம் மெல்லப் பள்ளத்தின் பக்கம் நழுவத் தொடங்கியது. பிரேக்கைத் தொடும் வித்தையும் பலிக்கவில்லை. சாய்ந்தபடி நின்றோம். சத்தம் கேட்டு மேலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் மந்தைக்காரம்மா. மேல்மந்தையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆள் ஒல்லி, குரல் மட்டும் மூன்று ஆளுக்குச் சமம்.

"என்ன டாக்டரம்மா, டவுன் செருப்பு போட்டுக்கிட்டு மலை ஏற வந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் வண்டியின் முன்னால் கீழே இருந்த வளையத்தில் கயிற்றைக் கட்டப் போனார். தம்பி போட்ட கூச்சலில் நானே துள்ளிவிட்டேன்.

"அதுல கட்டாதீங்க! அது லாரில ஏத்தி வரும்போது அசையாம கட்டி வைக்கற வளையம். இழுத்தா பிச்சுக்கிட்டு வந்து மூஞ்சில அடிக்கும்!"

கட்ட வேறு பலமான இடம் முன்னால் இல்லை. கடைசியில் ஆட்கள் சக்கரத்துக்குக் கல் வைக்க வைக்க, அங்குலம் அங்குலமாகப் பின்னாலேயே இறங்கினேன். வேர்வையில் சீட்டு நனைந்துவிட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகும். அதற்கு மேல் போகாது. இதுதான் உண்மை.

மார்ச் 29

மறுபடி கல்லுப்படி. மூன்று முறை ஏறி இறங்கினேன், தம்பி வழி சொல்லாமலே. அழவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

இணை இயக்குநர் திரும்பவும் கேட்டார்: "போகுமா, போகாதா? ஒரே வார்த்தை டாக்டர்."

தம்பி சொல்கிறான்: "'போகும்'னு எழுதுக்கா. யாரு வந்து பாக்கப் போறா? பாறைல நீ ஏத்தாம இருந்தா போச்சு."

எழுதிப் பார்த்தேன். போகும். மூன்றே எழுத்து, என்ன அழகாக உட்கார்ந்திருக்கிறது. டவுன் லேப் இல்லை. வண்டி என்னோடு.

ஆனால் நான் லீவில் இருக்கும் ஒரு நாள், எனக்குப் பதிலாக வேறு யாரோ வருவார். 'போகும்' என்று எழுதியிருப்பதை நம்பி, ஈரத்தில் வழுக்குப் பாறையில் ஏற்றுவார். அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

'போகாது' என்று எழுதினாலும் பொய்தான். கல்லுப்படியை ஏறிய வண்டியைப் பார்த்து எப்படிப் போகாது என்பேன்?

இவரிடம் கேட்டேன். செய்தித்தாளை இறக்காமல், "ஆமா, இல்லைன்னு விடை வர்ற கணக்கு இல்லம்மா இது" என்றார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ லேபுக்குப் போனாலும் நம்ம வீடு ஓடும். அதை நெனச்சு எழுதாதே."

அதைக் கேட்டதும்தான் எழுத முடியும் என்று தோன்றியது.

ஏப்ரல் 18

எழுதுவதற்கு முன்னால் மந்தைக்காரம்மாவிடம் பேச வேண்டியிருந்தது. வண்டியை ஓடைக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வந்தார். மாடுகளை இந்தப் புல்வெளிக்கு ஓட்டிவந்தால் இங்கேயே ஊசி போடலாம் என்றேன். மாடுகளை நிறுத்தத் தடுப்பு அடிக்கக் கட்டைகூட நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

"என்ன பேச்சு இது? உங்களுக்கு வண்டி வந்ததும் எங்க மாடு நடந்து வரணுமா? இத்தனை வருஷமா நீங்கதானே வந்தீங்க?"

சுருக்கென்றது. அவர் சொல்வதில் தப்பில்லை. நான் பாட்டுக்கு மலையடி, சாய்வு, டயர் என்று என்னென்னவோ பேசிக்கொண்டே போனேன். அவர் அசையவில்லை. கடைசியில் வாயிலிருந்து வந்துவிட்டது: "என்னால ஏற முடியலைங்க. முட்டி போயிடுச்சு."

அவர் என் காலைப் பார்த்தார். மாட்டின் காலைப் பார்ப்பது மாதிரியே, மேலிருந்து கீழே.

"எந்தக் கால்?"

"வலது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நான் பாட்டுக்கு டாக்டரம்மாவுக்கு டவுன் காத்து அடிச்சிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

வருவார்களா என்று கேட்டேன். "நான் ஒருத்தி சொல்லி நடக்கிற காரியமா? பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 20

தம்பி ஓடை நடுவில் இருக்கும் பாறையில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டான். சக்கரத்தின் நடு உயரம். கோடு தெரிந்தால் கடக்கலாம். மூழ்கினால் கடக்கக் கூடாது. யார் ஓட்டினாலும் சரி.

ஏப்ரல் 27, திங்கள்

அனுப்பிவிட்டேன். எழுதியது சுருக்கமாக: கம்பெனியிலிருந்து வந்தபடியே, படித்தகட்டையும் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் உதட்டையும் மட்டும் கழட்டினால், டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால், ஓடை வரை எல்லாக் காலத்திலும் போகும். ஓடையைக் கோடு பார்த்துக் கடக்கலாம். வழுக்குப் பாறையில் எந்தக் காலத்திலும் ஏற்றக் கூடாது. முகாமைப் புல்வெளியில் வைத்துக்கொள்ளலாம், மாடுகள் இறங்கி வந்தால்.

அந்த 'வந்தால்' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாலையில் போன். "டாக்டர், நான் ஒரு வார்த்தை கேட்டேன். நீங்க ரெண்டு பக்கம் அனுப்பியிருக்கீங்க."

"ஒரு வார்த்தைல சொன்னா தப்பா போயிடும் சார்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு: "மே மாச முகாம் எப்படி நடக்குதுன்னு பாப்போம். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

மே 12, செவ்வாய்

விடிந்ததும் புல்வெளியில் இருந்தேன். ஐஸ் பெட்டி, ஊசி, தடுப்புக் கட்டை, தம்பி. மாடு மட்டும் இல்லை.

வெயில் ஏறியது. ஐஸ் பெட்டியை நிழலுக்கு மாற்றினேன். மறுபடி மாற்றினேன். தம்பி தன் வாழ்க்கையில் முதல்முறையாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான், சும்மா இருக்க முடியாமல். "வரமாட்டாங்களாக்கா?" என்று கேட்டான். பேசாதே என்றேன். மனசுக்குள் ஸ்டூலும் கண்ணாடித் தகடும் வந்து உட்கார்ந்துவிட்டன.

பிறகு மணிச்சத்தம். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியாதபடி. வழுக்குப் பாறையின் மேல் புழுதி எழும்பியது. அதிலிருந்து கொம்புகள் வந்தன. கறவை மாடு, கிடேரி, காளை, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு எருமையை வாலைப் பிடித்துத் தள்ளும் இரண்டு பேர். எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் குரல், "ஓட்டு, ஓட்டு, டாக்டரம்மா வெயில்ல நிக்கறாங்க!"

"லேட் ஆயிடுச்சு" என்றார் மந்தைக்காரம்மா. "அந்த எருமை வரமாட்டேன்னுடுச்சு. அதுக்கும் முட்டி வலியாம்."

சிரித்ததில் முதல் ஊசியைக் கீழே போட்டுவிட்டேன்.

ஒரு மாடும் விடுபடவில்லை. நடந்து போன காலத்தில் ஒருபோதும் இப்படி முடிந்ததில்லை. எப்போதும் பாதி மாடு மேயப் போயிருக்கும், பாதி மருந்து சூடாகிவிடும்.

ஜூன் 9, செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. காலையில் மந்தைக்காரம்மாவின் போன். பாறை உச்சியில் நின்றால்தான் சிக்னல் வரும், காற்றில் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது. தலைச்சன் ஈற்று மாடு. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகிறது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, இன்னொன்றைக் காணோம்.

"புல்வெளிக்கு நடத்திக் கூட்டிட்டு வாங்க. மெதுவா. கால யாரும் இழுக்கக் கூடாது!"

தம்பியையும் ஏற்றிக்கொண்டேன். கல்லுப்படி ஈரத்தில் மின்னியது. தொப்பை போட்ட டயர், லேசான பிரேக், ஏறியாயிற்று. ஓடைக்கு வந்தால் தண்ணீர் டீ நிறத்தில் பொங்குகிறது. கோடு இல்லை. மூழ்கிவிட்டது.

அந்தக் கரையில் மாடு. கத்துகிறது. நடத்தியே கொண்டுவந்துவிட்டார்கள்.

"போயிடலாம்க்கா" என்றான் தம்பி. "கோட்டுக்கு மேல கொஞ்சம்தான் இருக்கும். நிறுத்தாம போனா தாண்டிடும்."

தாண்டலாம்தான். தாண்டாமலும் போகலாம். அடியில் கல் உருண்டிருக்குமா என்று தெரியவில்லை. நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"வாங்க டாக்டரம்மா! எதுக்கு நிக்கறீங்க? மாடு செத்துடும்!" மந்தைக்காரம்மா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். நான் பதிலுக்குக் கத்தினேன், படுக்க விடாதீங்க, நடத்திக்கிட்டே இருங்க, காலைத் தொடாதீங்க. அவர் காதில் விழுந்ததோ என்னவோ. என் மேல் எனக்கே அப்படி ஒரு கோபம். எதுக்குடி அந்தக் கோட்டைப் போட்ட? போடாம இருந்திருந்தா இந்நேரம் அங்க இருப்ப. இந்த மாடு போச்சுன்னா அந்தக் கோட்டைக் காட்டியா பதில் சொல்லுவ?

தம்பி என் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். நான் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வளைவில் ஒரு மரம் வந்தது. வேரோடு. நாங்கள் கடந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுற்று சுற்றி, அந்தப் பாறையில் 'மடார்' என்று மோதி, கீழே போய்விட்டது. தம்பி என் தோளில் கையை வைத்தான், பிறகு எடுத்துக்கொண்டான்.

மழை விட்டது. மலை ஓடை ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். தம்பி கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா!" என்றான். வெள்ளையாக ஒரு கீற்று. அலை வந்தால் மறைந்தது, போனால் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். அலை வந்தும் கோடு தெரிந்தது.

கீழ் கியர். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. தண்ணீர் கதவைத் தட்டியது. நடுவில் ஒரு கல்லில் ஏறி இறங்கினோம். அந்தக் கரை.

மாடு களைத்துப்போயிருந்தது. கையை உள்ளே விட்டேன். தலை சரியாக இருக்கிறது, ஒரு முன்னங்கால் முட்டியில் மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. கன்றைப் பின்னால் தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்தி, மெல்ல நிமிர்த்தி முன்னால் கொண்டுவந்தேன். அதற்குள் என் தோள்பட்டை இற்றுவிட்டது. பிறகு கயிறு. மாடு முக்கும்போது மட்டும் இழுத்தோம். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் மந்தைக்காரம்மா.

கன்று சொத்தென்று புல்லில் விழுந்தது. நாக்கு வீங்கியிருந்தது. மூச்சு இல்லை. வாயைத் துடைத்தேன், நெஞ்சைத் தேய்த்தேன். இல்லை. ஒரு புல்லைப் பிடுங்கி மூக்கில் விட்டுக் குடைந்தேன்.

தும்மியது.

கிடேரிக் கன்று. தாய் திரும்பி நக்க ஆரம்பித்தது. மந்தைக்காரம்மா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களத் திட்டினேன்" என்றார். "இந்தக் கரையில நின்னுக்கிட்டு, கேக்கக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன்."

"தண்ணிச் சத்தத்துல கேக்கலைங்க."

"நல்லதாப் போச்சு."

ஜூன் 11

இணை இயக்குநர் போன் செய்தார். வேறு ஏதோ மருந்துக் கணக்கு கேட்டுவிட்டு, வைக்கப் போகும்போது, "வண்டி அங்கேயே இருக்கட்டும் டாக்டர். நீங்களும்" என்றார். இந்த முறை இருமவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

தம்பி பட்டறைக்கு ஒரு ஆள் புது வண்டி கொண்டுவந்து, உயரம் தூக்க வேண்டும், முரட்டு டயர் வேண்டும் என்று கேட்டாராம். எந்தப் பாதைக்குப் போகப்போகிறீர்கள் என்று தம்பி கேட்டானாம். அதை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவரையே அழைத்துக்கொண்டு போய்விட்டானாம். வருகிற வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறான் என்று அவன் மனைவி இவரிடம் புகார். இவருக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலை 19, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். புல்வெளியில் நாலு மாடு பார்த்தேன், ஒரு கன்றுக்குப் பூச்சி மருந்து. கிளம்பும்போது மந்தைக்காரம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையோடு வந்து நின்றார். கீழே மகள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். பஸ் நிறுத்தம் வரைக்கும் இறக்கிவிட முடியுமா என்றார்.

அலுவலக வண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு முன்கதவைத் திறந்துவிட்டேன்.

ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் வீட்டுக் கதை தொடங்கினார். மாப்பிள்ளை நல்லவர், ஆனால் சாப்பிடும்போது பேசுகிறார். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது. ஓடையில் இறங்கினோம், கோடு நன்றாகத் தெரிந்தது, ஏறினோம். கதை ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் சத்தமில்லை.

கல்லுப்படி வந்தது. ஈரம். இறங்குவதுதான் ஏறுவதைவிட மோசம். மூக்கு நேரே பள்ளத்தைப் பார்க்கும், ஒரு சக்கரம் அந்தரத்தில் ஆடும். பயப்படாதீங்க என்று சொல்லலாமென்று பக்கத்தில் திரும்பினேன்.

பையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நல்ல தூக்கம்.

எழுப்பவில்லை. அடி அதிராமல் மெல்ல இறக்கினேன்.